மதுரா பேங்க்: செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேங்க் ஆஃப் மதுரா 1943 முதல் 2001 வரை நடந்த தனியார் வணிக வங்கி. மதுரையில் பிறந்தது, நம் பக்கத்துப் பேச்சில் மதுரா பேங்க். பெயர் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஆனாலும் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் யாராவது பழைய வீட்டை ஒழுங்குபடுத்தினால் பெட்டகத்தின் அடியிலிருந்து அதன் பாஸ்புக்கோ ஷேர் பத்திரமோ வெளியே வருகிறது. வந்ததும் கேள்விகளும் வருகின்றன. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

மதுரா பேங்க் திவாலாகித்தானே மூடினார்கள்?

இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கல்யாண வீட்டுப் பந்தியில்கூட "அது முழுகிப்போன பேங்க்கப்பா" என்று யாராவது சொல்லிக் கேட்கிறேன். 2000 செப்டம்பர் கணக்குப்படி அதனிடம் சுமார் 3,400 கோடி ரூபாய் டெபாசிட் இருந்தது, மொத்தச் சொத்து சுமார் 4,000 கோடி, கிளைகள் 263. மூலதன விகிதமும் (கொடுத்த கடனுக்கு எதிரே வங்கியின் சொந்த முதல் எவ்வளவு என்ற கணக்கு) ரிசர்வ் வங்கி கேட்ட அளவைவிட நல்ல உயரத்தில் இருந்தது. நல்ல நிலையில் இருந்த வங்கி, தன் பங்குதாரர்களின் சம்மதத்தோடு, 2001 மார்ச் 10 முதல் ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்தது. டெபாசிட் போட்ட யாருக்கும் ஒரு பைசா நஷ்டமில்லை.

யார் ஆரம்பித்தது? செட்டிநாட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

ஆரம்பித்தவர் கருமுத்து தியாகராசன் செட்டியார். மதுரையில் மீனாட்சி மில்லை நடத்தியவர், தியாகராசர் கல்லூரியையும் பொறியியல் கல்லூரியையும் ஏற்படுத்தியவர், மதுரைக்காரர்கள் கலைத்தந்தை என்று சொல்பவர். சொந்த ஊர் சிவகங்கைச் சீமையின் ஆ. தெக்கூர். தலைமையிடம் மதுரையாக இருந்தாலும் வங்கியை எழுப்பிய குடும்பமும் தொழில் பழக்கமும் செட்டிநாட்டிலிருந்து போனவை.

இன்னொரு நேரடித் தொடர்பும் உண்டு. 1933-ல் தொடங்கிய செட்டிநாடு மெர்க்கன்டைல் வங்கியை 1960-களில் மதுரா பேங்க் தன்னோடு சேர்த்துக்கொண்டது. குற்றாலத்துக்குப் பக்கத்து இலஞ்சியின் பெயரில் 1904 முதல் நடந்துவந்த இலஞ்சி வங்கியும் அதே பத்தாண்டில் வந்து சேர்ந்தது. ஆகவே உங்கள் வீட்டில் 'செட்டிநாடு மெர்க்கன்டைல்' என்று அச்சடித்த தாள் ஏதாவது கிடைத்தால் அதுவும் இதே வம்சம்தான்.

அப்படியென்றால் நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) வட்டிக்கடைதான் வளர்ந்து வங்கியானதா?

பாதி சரி. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதைப் புரிந்துகொள்ளாமல் மற்றது புரியாது.

நகரத்தார் வட்டிக்கடைகள் கடல் கடந்து பர்மாவிலும் (இன்றைய மியான்மர்) இருந்தன. 1929-30-ல் அங்கே அரசு ஒரு வங்கி விசாரணைக் குழு அமைத்தது. அந்தக் குழுவின் மதிப்பீட்டில் பர்மாவில் மட்டும் சுமார் 1,650 செட்டியார் கடைகள், அவற்றில் புழங்கிய பணம் சுமார் 75 கோடி ரூபாய், அந்தக் காலத்து 75 கோடி. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடை முதலாளிகளின் சொந்தப் பணம், மீதிதான் அடுத்தவர் போட்டு வைத்தது. இன்றைய வங்கியில் இது அப்படியே தலைகீழ். முதலாளி பணம் கொஞ்சம், மக்கள் பணம் மலையளவு.

கடையை நடத்துவதற்கு முதலாளி கப்பல் ஏற வேண்டியதில்லை. ஊரிலிருந்து ஏஜெண்டை அனுப்புவார், பொதுவாக மூன்று வருஷக் கணக்கு. ஏஜெண்டுக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். பெட்டியடியில் உட்கார்ந்து கூட்டல் கழித்தல் படித்தவன்தான் பிற்பாடு அடுத்தாளாகி, ஏஜெண்டாகி, கொஞ்சம் பணம் சேர்ந்ததும் சொந்தக் கடை வைத்தான். குறிப்பேடு, பேரேடு, கடைசியில் ஐந்தொகை, அதாவது வரவு, பற்று, சொத்து, கடன் எல்லாம் சேர்ந்த நிலைக் கணக்கு. கணக்கின் நகல் மாதாமாதம் ஊருக்கு வந்துவிடும், முதலாளி வீட்டு முகப்பில் உட்கார்ந்தபடி ரங்கூன் கடையின் நிலையைப் படித்துவிடுவார். டெபாசிட்டுக்கும் தங்களுக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்கும் அடிப்படையான நடப்பு வட்டியை ரங்கூன் மொகல் தெருவிலிருந்த கோயிலில் மாதம் ஒருமுறை கூடி முடிவு செய்தார்கள். இன்று ரிசர்வ் வங்கியின் குழு ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு அது கடன் கொடுக்கும் வட்டி) அறிவிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோயில் கூட்டம்தான் நினைவுக்கு வருகிறது.

இதெல்லாம் வங்கித் தொழில்தான், சந்தேகமே இல்லை. ஆனால் கடைக்கு ஒரு பெரிய பலவீனம்: பொறுப்புக்கு எல்லை கிடையாது. கடை நொடித்தால் வீடு, நிலம், பெண்களின் நகை எல்லாம் போகும். 1930-களில் நெல் விலை சரிந்து பர்மா விவசாயிகள் கடனைக் கட்ட முடியாமல் போனபோது, வேறு வழியின்றி அவர்களின் நிலம் கடைகளின் கைக்கு வந்தது. 1938 வாக்கில் கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கையில். பணத்தைக் கேட்டவர்களிடம் நிலம் வந்து குவிந்தது, விற்கவும் முடியவில்லை, அந்த ஊர் மக்களின் வெறுப்பும் சேர்ந்தது. பிறகு 1942-ல் ஜப்பான் படை வந்ததும் நடந்தும் கப்பலிலும் ஊர் திரும்பினார்கள். 1948-ல் பர்மா அரசு நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டமே போட்டுவிட்டது.

இந்த அடியிலிருந்து கற்றுக்கொண்டவர்கள் பங்கு முதலீட்டில், வரையறுத்த பொறுப்போடு, கம்பெனிச் சட்டப்படி வங்கி வைத்தார்கள். தொழில் பழக்கம் கடையிலிருந்து வந்தது, அமைப்பு வெள்ளைக்காரன் வங்கியிலிருந்து வந்தது. அதனால்தான் பாதி சரி என்றேன்.

நம் பக்கத்து ஆட்கள் ஆரம்பித்த வேறு வங்கிகள் எவை?

பெரியது இந்தியன் ஓவர்சீஸ் வங்கி (ஐஓபி). கானாடுகாத்தான் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று தொடங்கினார், காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில். தேதியைக் கவனியுங்கள்: பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது அதே வருஷம் ஏப்ரல் 1. கடல் கடந்து பணம் அனுப்பவும் அந்நியச் செலாவணி மாற்றவும் முறையான வங்கி வேண்டும் என்பதை அவர் சரியான நேரத்தில் கண்டுகொண்டார். 1954-ல் சிங்கப்பூர் விமான விபத்தில் காலமானார், வயது ஐம்பதைக்கூடத் தொடவில்லை. ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் பேங்க் ஆஃப் செட்டிநாடு அதற்கும் முந்தையது, பர்மாவில் பெரிய கை. 1906-ல் சென்னையில் அர்பத்நாட் என்ற வெள்ளைக்காரர்களின் வங்கிக் கம்பெனி முழுகிய பிறகு, நமக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தபோதும் நகரத்தார் பணமும் கையும் அதில் இருந்தன.

ஐஓபி அரசுடைமை ஆனபோது மதுரா பேங்க் எப்படித் தனியாராகவே நின்றது?

அளவுதான் காரணம். 1969 ஜூலை 19 அன்று, 50 கோடி ரூபாய்க்கு மேல் டெபாசிட் வைத்திருந்த 14 வங்கிகளை அரசு எடுத்துக்கொண்டது. ஐஓபியின் டெபாசிட் அப்போது 67.70 கோடி, ஆகவே போனது. மதுரா பேங்க் அந்தக் கோட்டுக்குக் கீழே. 1980-ல் 200 கோடிக்கு மேல் இருந்த ஆறு வங்கிகளை எடுத்தபோதும் கோட்டுக்குக் கீழேதான். கரூர் வைஸ்யா, சிட்டி யூனியன், தமிழ்நாடு மெர்க்கன்டைல் எல்லாம் இதே போலத் தப்பியவை.

நடுத்தர அளவு வங்கி அந்தக் காலத்தில் எப்படித்தான் சம்பாதித்தது?

டெபாசிட்டுக்குக் கொடுக்கும் வட்டிக்கும் கடனுக்கு வாங்கும் வட்டிக்கும் உள்ள இடைவெளிதான் வருமானம், அது எல்லா வங்கிக்கும் பொது. ஆனால் 1990-களின் தொடக்கத்தில் அந்த இடைவெளியில் விளையாட இடமே குறைவு. வந்த டெபாசிட்டில் 38.5 சதவீதத்தை அரசுப் பத்திரம் போன்றவற்றில் போட வேண்டும், 15 சதவீதத்தை ரிசர்வ் வங்கியில் ரொக்கமாகக் கட்டி வைக்க வேண்டும். நூறு ரூபாய் டெபாசிட் வாங்கினால் கடன் கொடுக்கக் கையில் நிற்பது நாற்பத்தாறரை ரூபாய். அந்தக் கடனிலும் நூற்றுக்கு நாற்பது விவசாயம், சிறுதொழில் போன்ற முன்னுரிமைத் துறைகளுக்குப் போக வேண்டும். போதாக்குறைக்கு 1977-ல் வந்த விதிப்படி, பெரிய நகரத்தில் ஒரு கிளை திறக்க அனுமதி வேண்டுமானால் வங்கி இல்லாத கிராமப்புறத்தில் நான்கு கிளை திறந்தாக வேண்டும். நம் பக்கத்துச் சின்ன ஊர்களிலெல்லாம் வங்கிக் கிளை எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு அந்த விதி பாதிப் பதில்.

இவ்வளவு கட்டுப்பாட்டுக்குள்ளும் ஊர்க் கிளையைத் தாங்கிப் பிடித்தது நகைக்கடன். செட்டிநாட்டில் நகைக்குக் குறைவில்லை, ஆத்திரம் அவசரத்துக்கு அடகு வைக்காத வீடும் குறைவு. வங்கி நகை மதிப்பீட்டாளர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அதன் நுணுக்கம் தெரியும். உரைகல்லில் நகையை இழுப்பார், கோட்டின் மேல் அமிலம் ஒரு சொட்டு விட்டு நிறம் நிற்கிறதா என்று பார்ப்பார், பக்கத்தில் தரம் தெரிந்த தங்கத்தை இழுத்து ஒப்பிடுவார். பிறகு எடை. பழைய நகையில் கல்லும் உண்டு, உள்ளே அரக்கும் உண்டு, இரண்டையும் கழித்துத்தான் நிகர எடை போடுவார், அங்கேதான் ஆச்சிமார்களுக்கும் அவருக்கும் வாக்குவாதம் வரும். பையில் போட்டு, சீட்டு எழுதி, முத்திரை வைத்தால் பெட்டகத்துக்குப் போகும். பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு அலுவலர் கையில், ஒருவர் மட்டும் திறக்க முடியாது. கடன் கொடுத்தவனுக்கு இதைவிட நிம்மதியான அடமானம் கிடையாது, வாங்கியவருக்கும் அரைமணி நேரத்தில் பணம் கையில்.

1990-களின் நடுவில் மதுரா பேங்க் இன்னொரு வேலையும் தொடங்கியது: கிராமத்துப் பெண்களைச் சுயஉதவிக் குழுக்களாகச் சேர்த்து, முதலில் அவர்களைச் சேமிக்க வைத்து, பிறகு குழுவுக்குக் கடன் கொடுப்பது. இணைப்பின்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் இருந்தன, ஐசிஐசிஐ அந்த அடித்தளத்தின் மேல்தான் தன் குழுக் கடன் வேலையைப் பெரிதாக்கியது. மதுரா பேங்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று தெரியவில்லை. என் பார்வையில் அது செய்த ஆகச் சிறந்த காரியம் இதுதான்.

நன்றாக ஓடிய வங்கியை ஏன் இணைத்தார்கள்?

1991-க்குப் பிறகு காற்று மாறியது. வங்கிச் சீர்திருத்தத்துக்கு அரசு அமைத்த நரசிம்மம் குழுவின் அறிக்கைக்குப் பின் 1993-94-ல் புதிய தனியார் வங்கிகளுக்கு உரிமம் கொடுத்தார்கள். அவர்கள் வரும்போதே கணினியோடு வந்தார்கள், ஒரு கிளையில் கணக்கு வைத்தால் எந்தக் கிளையிலும் பணம் எடுக்கலாம் என்றார்கள். பழைய தனியார் வங்கிகளோ பேரேட்டிலிருந்து கணினிக்கு மாற வேண்டும், மூலதன விகிதத்தையும் ரிசர்வ் வங்கி உயர்த்திக்கொண்டே போகிறது. இதற்கெல்லாம் பெரிய முதல் வேண்டும்.

ஐசிஐசிஐ வங்கிக்கு நேர்மாறான குறை. பணம் இருந்தது, 2000 மார்ச்சில் நியூயார்க் பங்குச் சந்தை வரை போய் மூலதனம் திரட்டியிருந்தது, ஆனால் கிளைகள் மிகக் குறைவு, தென்னாட்டுச் சின்ன ஊர்களில் ஆளே கிடையாது. 263 கிளைகளைப் புதிதாகத் திறப்பதென்றால் எத்தனை வருஷம்! 2000 டிசம்பரில் இணைப்பை அறிவித்தார்கள். மதுரா பேங்க் பங்கு ஒன்றுக்கு ஐசிஐசிஐ வங்கிப் பங்கு இரண்டு. அப்போது இது ஐசிஐசிஐ பக்கத்தில் அதிகம் என்று சிலர் முணுமுணுத்தார்கள், வாங்கியவர்களுக்கு நல்ல பேரம் என்று நான் இன்றும் சொல்வேன்.

ஊழியர்கள் கதி?

சுமார் 2,500 பேர் இருந்தார்கள், அவர்களும் சேர்ந்தே போனார்கள். பழைய வங்கியில் சம்பளம் தொழிற்சங்க ஒப்பந்தப்படி, பதவி உயர்வு பெரும்பாலும் வருஷக் கணக்குப்படி. புதிய இடத்தில் வயதில் சின்னவர்கள் அதிகாரியாக உட்கார்ந்து இலக்குக் கொடுத்தார்கள். பயமும் வருத்தமும் இருந்தது, நியாயமானதுதான். ஊர்க்காரர்களுக்கும் ஒரு இழப்பு உண்டு: மூன்று தலைமுறையைத் தெரிந்து வைத்திருந்த மேலாளர் போய், இரண்டு வருஷத்துக்கொருமுறை மாறும் மேலாளர் வந்தார்.

வங்கி இணைப்பு என்றால் எப்போதும் பங்குதாரருக்கு லாபம்தானா?

கிடையவே கிடையாது. மதுரா பேங்க் இணைந்தது வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் 44அ பிரிவின்படி, அதாவது இரண்டு வங்கிகளும் தாமாக முன்வந்து, இரு தரப்புப் பங்குதாரர்களும் ஓட்டுப் போட்டு, பிறகு ரிசர்வ் வங்கி அனுமதித்து. அதே சட்டத்தின் 45-வது பிரிவு வேறு ரகம், நொடித்த வங்கியை அரசும் ரிசர்வ் வங்கியும் தலையிட்டு இன்னொன்றில் சேர்ப்பது. 2020 நவம்பரில் கரூரின் லட்சுமி விலாஸ் வங்கியை டிபிஎஸ் வங்கியோடு சேர்த்தது அப்படித்தான். டெபாசிட்தாரர்கள் பணம் பத்திரமாக இருந்தது, பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. இணைப்புச் செய்தி வந்தால் முதலில் எந்தப் பிரிவு என்று பாருங்கள்.

ஐயா (தாத்தா) பெட்டியில் மதுரா பேங்க் ஷேர் பத்திரம் கிடைத்தது. மதிப்பு உண்டா?

இருக்கலாம், நன்றாகவே இருக்கலாம். கணக்குப் பாருங்கள். மதுரா பேங்க் பங்கு 100 என்று வைத்துக்கொள்வோம். 2001-ல் அது ஐசிஐசிஐ வங்கிப் பங்கு 200 ஆனது. 2014-ல் பத்து ரூபாய் முகமதிப்புப் பங்கை இரண்டு ரூபாய்ப் பங்குகளாகப் பிரித்தார்கள், 200 என்பது 1,000 ஆனது. 2017-ல் பத்துக்கு ஒன்று போனஸ், 1,100. இன்றைய விலையால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் பத்திரம் கையில் இருப்பதாலேயே பங்கு இருக்கிறது என்று ஆகாது. அப்போதே புதுப் பத்திரம் தபாலில் வந்திருக்கலாம், ஐயாவே விற்றுமிருக்கலாம். பத்திரத்தில் உள்ள ஃபோலியோ எண்ணை (பங்குதாரரின் கணக்கு எண்) குறிப்பிட்டு ஐசிஐசிஐ வங்கியின் பங்குப் பதிவாளருக்கு எழுதுங்கள். ஏழு வருஷம் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காமல் இருந்தால் பங்குகள் அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்துக்குப் போயிருக்கும். போனாலும் உங்களுடையதுதான், ஐஇபிஎஃப்-5 படிவம் போட்டு மீட்கலாம். பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்கு கட்டாயம் வேண்டும்.

பத்திரத்தில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை, என்ன செய்வது?

நம் பக்கத்தில் இதுதான் பெரிய தலைவலி. பத்திரத்தில் விலாசத்தோடு (குடும்பத் தொழிலின் அடையாள எழுத்துகள்) நான்கைந்து முதலெழுத்து நீளமாக இருக்கும், ஆதாரில் ஒரே எழுத்து. ஐயா பெயரையே பேரனுக்கு வைப்பதால், இறந்தவரும் கேட்பவரும் ஒரே ஆளா என்று எங்கோ உட்கார்ந்து பத்திரத்தைப் பார்ப்பவருக்குக் குழப்பம். பிள்ளை கூட்டிய, அதாவது தத்தெடுத்த, வீடென்றால் முதலெழுத்தே மாறிவிடும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எடுக்கும்போதே இரண்டு வடிவப் பெயரையும் சேர்த்து, "இவரும் அவரும் ஒருவரே" என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி நோட்டரியிடம் சான்று வாங்கிவிடுங்கள். பிள்ளை கூட்டியதற்குப் பதிவுப் பத்திரம் இருந்தால் அதையும் வையுங்கள். சகோதர சகோதரிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் கையெழுத்துப் போட்டால் வேலை பாதியாகக் குறையும். திருவிழாவுக்கோ, முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கோ எல்லோரும் ஊரில் கூடும்போது முடித்துக்கொள்வது நல்லது, அப்புறம் ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில் என்று பிரிந்துவிட்டால் இழுத்துக்கொண்டே போகும்.

பழைய பாஸ்புக், டெபாசிட் ரசீது?

மதுரா பேங்கின் எல்லாக் கணக்கும் கடமையும் ஐசிஐசிஐ வங்கியுடையவை. பத்து வருஷம் யாரும் தொடாத கணக்கில் உள்ள பணம் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்குப் போய்விடும், ஆனால் எப்போது வேண்டுமானாலும் வங்கி வழியாகவே கேட்டு வாங்கலாம். ரிசர்வ் வங்கி 2023-ல் தொடங்கிய உத்கம் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள், ஆங்கில எழுத்துக்கூட்டலை மூன்று நான்கு விதமாக மாற்றிப் போடுங்கள், செட்டியார் என்பதையே பல விதமாக எழுதியிருப்பார்கள். கிடைத்தால் பாஸ்புக்கோடு கிளைக்குப் போங்கள். "அது பழைய பேங்க், எங்களுக்குத் தெரியாது" என்று சின்னப் பையன் யாராவது சொன்னால் மேலாளரிடம் எழுத்தில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள்.

இப்போது என் டெபாசிட்டுக்கு எவ்வளவு காப்பீடு?

ஒரு வங்கியில் ஒருவருக்கு, வட்டியும் சேர்த்து, 5 லட்சம் ரூபாய், 2020 பிப்ரவரி முதல். 1960-ல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி விழுந்த பிறகுதான் இந்தக் காப்பீட்டு ஏற்பாடே வந்தது, 1962-ல் ஆரம்பித்தபோது 1,500 ரூபாய்.

மீட்டுத் தருகிறேன் என்று ஒருவர் இருபது சதவீதம் கேட்கிறார், கொடுக்கலாமா?

வேண்டாம். பங்கை மீட்கவும் டெபாசிட்டைக் கேட்கவும் அரசுக்கோ ரிசர்வ் வங்கிக்கோ தனிக் கட்டணம் கிடையாது. முத்திரைத்தாள், நோட்டரி, தபால் செலவுதான். படிவம் நிரப்ப உதவி வேண்டுமானால் ஊரிலுள்ள ஆடிட்டரிடமோ கம்பெனி செயலரிடமோ போய் வேலைக்கு இவ்வளவு என்று கூலி பேசிக்கொள்ளுங்கள், மீளும் தொகையில் பங்கு பேசாதீர்கள். அசல் பத்திரத்தை யார் கையிலும் கொடுக்க வேண்டாம், எடுத்துக் காட்டிவிட்டு நகலைக் கொடுங்கள். அசலை அனுப்பியே தீர வேண்டிய கட்டம் வந்தால், பங்குப் பதிவாளர் எழுத்தில் கேட்ட பிறகு, இரு பக்கமும் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள்.